மெஷின் அக்கா திறந்துவிட்ட தண்ணீர்

ரேணுகாம்பாள் அக்காவுக்கு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் போதும், தூக்கம் வந்துவிடும். ஜன்னல் கம்பியில் நெற்றியைச் சாய்த்து, மடியில் கருவிப் பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, ஊர் எல்லை தாண்டுவதற்குள் கண்ணயர்ந்துவிடுவார். கனவு வருமா என்று ஒருமுறை கேட்டேன்.

"எனக்கு இன்னா வரும் தம்பி, மெஷின்தான் வரும்."

மாவட்டம் முழுக்க அவர் மாட்டிவைத்த மெஷின்கள் எல்லாம் அறுவடை முடிந்த ஒரு வயலில் கூடி நிற்குமாம். ஸ்கேன் மெஷின், ஈ.சி.ஜி., குழந்தைகளைக் கதகதப்பாக வைத்திருக்கும் பெட்டி, ஆக்சிஜன் மெஷின் எல்லாம் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டு மூச்சு விடுமாம். மழைக்கு முந்தின ஏரிக்கரைத் தவளைகள் மாதிரி ஒன்று நிறுத்தினால் இன்னொன்று பீப் என்னுமாம். எந்தச் சத்தம் எந்த ஆஸ்பத்திரியுடையது என்று கனவிலேயே அவருக்குத் தெரியும். ஒன்று மட்டும் சத்தம் போடாமல் நின்றால் விழித்துக்கொள்வார். மறுநாள் காலை முதல் வேலையாக அந்த ஆஸ்பத்திரிக்குத்தான் போன் போகும்.

அவருடைய பெயர் ஊரில் பலருக்குத் தெரியாது. மெஷின் அக்கா என்றால் தெரியும்.

வயது நாற்பத்தொன்று. கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்தில் வேர்க்கடலை, எங்கள் பேச்சில் மல்லாட்டை, போடுகிற குடும்பம். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்துவிட்டு 2007இல் வேங்கிக்காலில் மருத்துவக் கருவிகள் விற்கிற ஒரு ஏஜென்சியில் போன் எடுக்கும் வேலைக்குச் சேர்ந்தார். அப்போது கடையில் இருந்ததெல்லாம் சக்கர நாற்காலி, இரும்புக் கட்டில், பி.பி. பார்க்கிற கருவி, ஆள் ஏறி நிற்கும் தராசு. ஒரு ஈ.சி.ஜி. மெஷின் விற்றுவிட்டால் அன்றைக்குக் கடையில் எல்லோருக்கும் காராபூந்தி.

அப்படி விற்ற ஒரு மெஷின் ஒருநாள் கோடு போட மறுத்தது. சென்னையிலிருந்து வர வேண்டிய ஆள் மூன்று நாளாக வரவில்லை. போனில் திட்டு வாங்கி வாங்கிச் சலித்துப்போன அக்கா, மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு நடந்தே போய்விட்டார். மூடியைக் கழற்றினால் உள்ளே எறும்புகள், முட்டை முட்டையாக, ஒரு ஊரே குடியிருந்தது. பெயின்ட் பிரஷ்ஷால் தள்ளித் தள்ளி ஒரு காகிதத்தில் ஏந்தி, வெளியே வேப்பமரத்தடியில் விட்டுவிட்டு வந்து சுவிட்ச்சைப் போட்டார். காகிதத்தில் மலைமலையாகக் கோடு வந்தது. அன்றோடு போன் எடுக்கும் வேலை முடிந்தது.

பிறகு மெஷின்கள் வரத் தொடங்கின. முதலில் வருடத்துக்கு ஒன்று, பிறகு மாதத்துக்கு ஒன்று, பிறகு லாரி லாரியாக. மாடி வீடு கட்டினவர் ஸ்கேன் சென்டர் வைத்தார். கல்யாண மண்டபம் ஒன்று இருதய நோய் ஆஸ்பத்திரியாக மாறியது. படிக்கத் தெரியாத எழுத்துகளுடன் மரப்பெட்டிகள் வந்து இறங்கின. சிலது புதிது, சிலது வேறு தேசத்து ஆஸ்பத்திரிகளில் ஓடி ஓய்ந்து, பெயின்ட் அடித்துக்கொண்டு வந்தது. அப்படி வந்த ஸ்கேன் மெஷின் ஒன்றின் அடிப்பக்கத்தில், ஏதோ குளிர் ஊர்க் குழந்தை ஒட்டிய முயல் படம் இருந்தது. அக்கா அதைக் கிழிக்கவில்லை. செங்கம் சாலையில் ஒரு மருத்துவமனையில் இன்றைக்கும் அந்த முயல், பிறக்கப்போகிற பிள்ளைகளை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

எங்கள் ஊரில் புதிதாக எது வந்தாலும் சந்தனம் குங்குமம் வைத்துத்தான் ஆரம்பிப்பார்கள். அதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது என்பது அக்காவின் கட்சி. ஆனால் சென்சார் மேல் சந்தனம் காய்ந்தால் மெஷின் குழம்பிவிடும். அதனால் மாட்டி முடித்ததும் எங்கே பொட்டு வைத்தால் ஆபத்தில்லையோ அங்கே ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டிவிடுவார். "இதுதான் இவருக்கு நெத்தி. வேற எங்கயும் வெக்காதீங்க," என்பார். ஆயுத பூஜை முடிந்து போய்ப் பார்த்தால் மாவட்டத்தின் அத்தனை மெஷினும் சரியாக நெற்றியில் பொட்டோடு நிற்கும்.

நான் எக்ஸ்ரே எடுக்கும் வேலை பார்க்கிற மருத்துவமனை அடி அண்ணாமலைக்குப் போகிற சாலையில் இருக்கிறது. இருபது படுக்கை. டாக்டர் அறிவுச்செல்வன் கடன் வாங்கிக் கட்டியது. போன வருடக் கடைசியில் அவர் இரண்டு டயாலிசிஸ் மெஷின் வாங்கத் துணிந்தார். ஊரில் டயாலிசிஸ் இல்லாமல் இல்லை. மெஷின் கம்மி, ஆட்கள் ஜாஸ்தி. முறை கிடைக்காதவர்கள் வேலூருக்கு பஸ் ஏற வேண்டும்.

அப்படி பஸ் ஏறுகிறவர்களில் ஒருவர் அப்பாசாமி. நெல் வியாபாரம் பார்த்தவர். மூன்று வருடமாக வாரத்தில் இரண்டு நாள், காலை நாலரைக்கு எழுந்து மனைவி மணியம்மாளோடு வேலூர் போய், நான்கு மணி நேரம் மெஷினில் படுத்திருந்து, திரும்பி வந்து சேரும்போது இருட்டிவிடும். எங்கள் மருத்துவமனைக்கு மெஷின் வருகிறது என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து இரண்டு பேரும் வந்து வந்து பார்த்தார்கள். தங்கள் வீட்டுக்குக் கடைக்கால் போடுகிற இடத்தைப் பார்க்க வருவதுபோல, ஓரமாக நின்று பார்த்துவிட்டுப் போவார்கள்.

டயாலிசிஸுக்கு மெஷினைவிடத் தண்ணீர்தான் பெரிய வேலை. ஒரு ஆளுக்கு ஒரு தடவைக்கு நூற்றிருபது லிட்டர் ஓடும். ரத்தம் ஒரு மெல்லிய சவ்வுக்கு இந்தப் பக்கம், தண்ணீர் அந்தப் பக்கம். மொட்டை மாடியில் தகரக் கூரை போட்ட அறையில் வடிகட்டிகள், ஆர்.ஓ. குழாய்கள், கடைசியில் சுத்தமான தண்ணீர் வந்து சேர்கிற ஐந்நூறு லிட்டர் தொட்டி. அக்கா இருபது நாள் அந்த அறையில் குடியிருந்தார்.

"குடிக்கிற தண்ணின்னா வயிறு பாத்துக்கும் தம்பி. இது ரத்தத்துப் பக்கத்துல போவுது. ரத்தத்துக்கு வயிறு ஏது?" என்று ஒருநாள் சொன்னார்.

அப்பாசாமி மூச்சு வாங்க மாடி ஏறிவந்து தொட்டியைத் தட்டிப் பார்த்தார். "இவ்ளோ தண்ணியும் எனக்காம்மா?"

"உங்களுக்கும் இன்னொருத்தருக்கும்."

"ஒரு நாளைக்கி ரெண்டு டம்ளருக்கு மேல குடிக்க வுட மாட்டேன்றாங்க. இங்க வந்தா ஏரியவே காட்டுறீங்க." அவர் சிரித்தார். மணியம்மாள் சிரிக்கவில்லை. தொட்டியின் மேல் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

திறப்பு விழா ஒரு வியாழக்கிழமை, காலை பத்தரைக்கு. முதல் ஆள் அப்பாசாமி என்று டாக்டர் முடிவு செய்திருந்தார். அந்த நம்பிக்கையில் அவர்கள் திங்கட்கிழமையே வேலூரில் தங்கள் முறை இனி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார்கள். காத்திருந்த யாரோ ஒருவர் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டார். புதன்கிழமை போக வேண்டியது போகவில்லை.

வியாழன் விடிகிற நேரம். வாசலில் வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். மாடியில் அக்கா இருந்தார். நான் டீ எடுத்துக்கொண்டு ஏறினேன். மலையின் பாதிவரை பனி. பனிக்கு மேலே உச்சி மட்டும் தனியாக, தரையோடு சம்பந்தமில்லாமல் மிதந்துகொண்டிருந்தது. அக்காவுக்கு இந்த மலையை ஆஸ்பத்திரி மாடிகளிலிருந்துதான் பழக்கம். எந்தத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றால் மலை எப்படித் தெரியும் என்று அவரால் சொல்ல முடியும்.

உப்பு மீட்டரைத் தண்ணீரில் விட்டுப் பார்த்தார். நேற்றுக்கும் இன்றைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கீழே இரண்டு மெஷினிலும் பச்சை விளக்கு. போன வாரம் அனுப்பிய தண்ணீர் சாம்பிளில் கிருமி இல்லை என்று ரிசல்ட்டும் வந்திருந்தது. எல்லாம் சரி. டீயைக் கையில் வாங்கிக்கொண்டே, சும்மா ஒருமுறை பார்ப்பதுபோல், தொட்டியின் மூடியைத் தூக்கினார்.

தூக்கினவர் அப்படியே நின்றார்.

"தம்பி, இங்க வா. மோந்து பாரு."

குனிந்தேன். குளிர்ந்த இருட்டு. அந்த இருட்டிலிருந்து பச்சைக் கற்பூரம் மணத்தது. கர்ப்பக்கிரகத்தின் வாசலில் நிற்பதுபோல் இருந்தது. ஒரு கணம் கையெடுத்துக் கும்பிட்டுவிடுவேன் என்று தோன்றியது.

"கோயில் மாதிரி இருக்குதுக்கா."

"அதான் தம்பி பேஜாரு. மேல யாராவது வந்தாங்களா?"

எனக்குத் தெரியும். முந்தின நாள் சாயங்காலம் மணியம்மாள் மாடிப்படியில் இறங்கி வந்தார். கையில் காலி பாட்டில். என்னைப் பார்த்துச் சிரித்தார், நானும் சிரித்தேன். எங்கே போனீர்கள் என்று கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை. அதை அக்காவிடம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் படியில் கொலுசுச் சத்தம் கேட்டது. மெஷினுக்குச் சார்த்த மல்லிகைச் சரத்தோடு மணியம்மாளே வந்து நின்றார். திறந்திருந்த மூடியைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"பாத்துட்டியா கண்ணு? வாசனை வருதா?"

அக்கா மெதுவாகக் கேட்டார்: "இன்னாம்மா ஊத்தினீங்க?"

"எட்டு லிங்கத்துலயும் அபிஷேகத் தண்ணிமா! செவ்வாக்கெழம வெடியறதுக்குள்ள மல சுத்தக் கெளம்பினேன். இந்திர லிங்கத்துலருந்து ஒவ்வொண்ணா, ஐயருகிட்ட கெஞ்சி, ஒரு கரண்டி, ரெண்டு கரண்டினு வாங்கிகினு வந்தேன். வருண லிங்கத்துல மட்டும் ஜாஸ்தியாவே ஊத்துனாரு. தண்ணிக்குச் சாமி அவருதான? கெட்டுப்போவக் கூடாதுனு பச்சக் கற்பூரம் நுணுக்கிப் போட்டேன். நீ போன் பேசிகினு இருந்த, தொந்தரவு பண்ண வாணாம்னு நானே ஊத்திட்டேன்."

"எவ்ளோ?"

"ஒரு பாட்டிலு. பூரா."

அக்கா டீயைத் தரையில் வைத்தார். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மணியம்மாளையும் கைப்பிடித்து உட்காரவைத்தார்.

"அம்மா, அதுல பாலு இருந்திச்சா?"

"பாலாபிஷேகத் தண்ணிதான மா, கொஞ்சம் வெள்ளையாத்தான் இருக்கும்."

"அந்தப் பாலு நேத்துலருந்து இந்தத் தொட்டிக்குள்ள கெடக்குது. இந்தத் தண்ணிய இதுக்கப்பால எதுலயும் வடிகட்டறதில்ல. நேரா ஐயாவோட ரத்தத்துக்குப் பக்கத்துல போவும். குளிர் ஜுரம் தூக்கிப் போட்டுடும். அதுக்கு மேலயும் ஆவலாம்."

"சாமி தண்ணி இன்னாம்மா பண்ணும்?"

"சாமி ஒண்ணும் பண்ணாதும்மா. பாலு பண்ணும்."

மணியம்மாளின் கையிலிருந்த மல்லிகைச் சரம் மடியில் விழுந்தது. அவர் அழவில்லை. தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். கீழே பந்தலில் முதல் வரிசை நாற்காலியில், புது வேட்டியில், செருப்புக்குள் நுழையாத வீங்கிய கால்களோடு அப்பாசாமி உட்கார்ந்திருந்தார். மாடியிலிருந்து பார்த்தால் தலை மட்டும் தெரிந்தது.

"அப்ப இன்னிக்கி அவருக்கு?" என்று கேட்டார் மணியம்மாள்.

அக்கா எழுந்து சென்னையில் இருக்கும் ஏஜென்சி மேனேஜருக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னார். மேனேஜரின் குரல் எனக்கே கேட்டது.

"மீட்டர்ல ரீடிங் சரியா இருக்கா?"

"சரியாதான் இருக்குது சார்."

"மெஷின்?"

"பச்ச லைட்டு சார்."

"அப்புறம் என்னம்மா? கையெழுத்து வாங்கிட்டுக் கெளம்பு. இன்னும் நாலு மெஷின் ஆர்டர் அந்த டாக்டர் கையில இருக்கு."

"சார், மீட்டருக்கு மூக்கு கெடையாது. நான் மோந்து பாத்துட்டேன். இனிமே மோந்து பாக்கலைனு சொல்ல முடியாது."

மேனேஜர் சொன்னார்: "சரி. ஊத்துனது யாருன்னு பேரோட எழுதி, ஆஸ்பத்திரில கையெழுத்து வாங்கிடு. நம்ம மேல வரக் கூடாது."

டாக்டர் அறிவுச்செல்வன் பட்டு வேட்டியோடு மாடிக்கு வந்தார். தண்ணீரில் பால் கலந்துவிட்டது என்று கேட்டதும் தொட்டிக்குள் குனிந்து முகர்ந்தார். நிமிர்ந்து, சுவரோரம் போய், கீழே பந்தலையும், இறங்கிக்கொண்டிருந்த ஐஸ்கிரீம் டப்பாக்களையும் பார்த்தார்.

"எத்தினி நாளு?"

"தொட்டிய கழுவி, பைப்பு பூரா மருந்து ஓட்டி, அலசி, சாம்பிள் அனுப்பி, ரிசல்ட் வரணும். ஒரு வாரத்துக்கு மேல ஆவும் டாக்டர்."

"வர்றவங்க கிட்ட நான் இன்னா சொல்றது?"

"ஐஸ்கிரீம் இருக்குதில்ல. குடுத்து அனுப்புங்க."

டாக்டருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். "மூடிய யாரு தொறந்தது?"

மணியம்மாள் வாயைத் திறந்தார். அக்கா அவர் தோளை அழுத்தினார்.

"நான் பூட்டல டாக்டர். பூட்டு பையிலயே இருக்குது. மாட்ட மறந்துட்டேன்." ஏஜென்சிக்குப் போகிற சர்வீஸ் நோட்டில் அதையே எழுதிக் கையெழுத்தும் போட்டார். வேறு யார் பெயரும் அதில் இல்லை.

பிறகு வேலூருக்குப் போன் செய்தார். எந்த ஆஸ்பத்திரியில் எந்த மெஷின் எந்த நேரம் சும்மா நிற்கும் என்பது அவருக்கு மனப்பாடம். முதல் இடத்தில் இல்லை என்றார்கள். இரண்டாவது இடத்தில் போனை எடுக்கவில்லை. மூன்றாவது இடத்தில் எடுத்தவரிடம், "ஏம்பா, மூணாம் நம்பர் பம்ப்ப நேத்துதான போன்லயே சொல்லிச் சரி பண்ணிக் குடுத்தேன், இன்னும் ஆளு போடலையே?" என்று கேட்டார். பன்னிரண்டு மணிக்கு வரச் சொன்னார்கள். ஏஜென்சி வேன் வாசலில் நின்றது.

"ஐயாவ இட்டுகினு கெளம்புங்கம்மா, இப்பவே."

மணியம்மாள் எழுந்திருக்கவில்லை. அக்கா தொட்டியின் அடி வால்வைத் திருகினார். மாடிக் குழாய் வழியாகத் தண்ணீர் குடுகுடுவென்று இறங்கும் சத்தம் கேட்டது.

"எங்க போவுது அது?"

"கீழ கால்வாயிக்கு."

"சாக்கடையிலயா?" மணியம்மாள் தாவி வந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். "எட்டு லிங்கத்துத் தண்ணிமா. கால் படக் கூடாதுன்னு பாட்டிலக் கூட நான் தரையில வெக்கல. அவருக்குத்தான் ஆவலன்னாலும் சாக்கடையில வுடாதமா."

அக்கா வால்வை மூடினார். சுற்றிலும் பார்த்தார். மருத்துவமனைச் சுவருக்கு அந்தப் பக்கம் பச்சையம்மாள் என்பவரின் மல்லாட்டைக் கொல்லை. மூன்று ஹோஸ் பைப்பை ஒன்றோடொன்று மாட்டி, சுவர் தாண்டித் தொங்கவிட்டோம். களை வெட்டிக்கொண்டிருந்த பச்சையம்மாள் நிமிர்ந்து பார்த்து இடுப்பில் கை வைத்தார்.

"இன்னாது, ஆஸ்பத்திரித் தண்ணியா? மருந்து கிருந்து கலந்துதா?"

"மருந்து இன்னும் போடலமா. கோயில் தண்ணிதான்," என்று கத்தினார் அக்கா.

"கோயில் தண்ணி உங்க மாடிக்கு எப்பிடி வந்துச்சி?"

"நடந்து வந்துச்சி!"

"அப்ப வுடு, வுடு. சால்ல வுடு."

தண்ணீர் போனது. கால்வாயில் விட்டிருந்தால் பத்து நிமிடம். இப்படி ஒரு மணி நேரத்துக்கு மேல். பனி விலகி வெயில் இறங்க இறங்க, செடி வரிசைகளுக்கு இடையிலான சால்களில் தண்ணீர் வெள்ளிச் சரடாக நீண்டு, செடிகளின் அடியைச் சுற்றிச் சுற்றித் திரும்பியது. அந்தச் சின்னக் கொல்லைக்குள் ஒரு மலை படுத்திருப்பதாகவும், தண்ணீர் அதைச் சுற்றி வருவதாகவும் எனக்குப் பட்டது. கற்பூர வாசனை சுவருக்கு மேலே ஏறி வந்தது. மணியம்மாள் முதல் சால் நனைகிறவரைக்கும் நின்றார். கும்பிட்டார். பிறகுதான் படியிறங்கினார்.

அப்பாசாமியிடம் மணியம்மாளே சொன்னார். அவர் வீங்கிய காலைப் பார்த்துக்கொண்டு கேட்டார். கேட்டு முடித்ததும் மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

"ஏண்டி, எனக்கே தெரியாம எனக்கு அபிஷேகம் பண்ணப் பாத்தியா? நான் இன்னா ஒம்பதாவது லிங்கமா?"

"சும்மா இருய்யா," என்றார் மணியம்மாள். அப்போதுதான் அவருக்கு அழுகை வந்தது. வேன் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதார். அப்பாசாமி உள்ளே ஏறி உட்கார்ந்து, அவர் அழுது முடிக்கட்டும் என்று பொறுத்திருந்து, பிறகு கை கொடுத்து ஏற்றிக்கொண்டார்.

அடுத்த எட்டு நாளும் அக்கா எங்கள் மாடியில்தான் இருந்தார். தொட்டியைக் கழுவி, மருந்து ஓட்டி, அலசி, மருந்து மிச்சமில்லை என்று தாள் நனைத்துப் பார்த்து, மறுபடி அலசினார். நடுவில் ஏஜென்சியிலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. படித்துவிட்டு, பூட்டு மறந்தது உண்மைதானே என்று பதில் எழுதிப் போட்டார். வேலூரில் அந்த மூணாம் நம்பர் மெஷின் அப்பாசாமிக்கு இன்னும் இரண்டு தடவை கிடைத்தது. அதற்கும் அக்காதான் கெஞ்ச வேண்டியிருந்தது.

ரிசல்ட் வந்ததற்கு மறுநாள் வெள்ளிக்கிழமை. பந்தல் இல்லை, வாழைமரம் இல்லை. காலை ஏழு மணிக்கு அப்பாசாமி வந்து படுத்தார். டயாலிசிஸ் பார்க்கிற கவியா ஊசி போட்டு, குழாயை மாட்டி, பட்டனை அழுத்தினாள். ரத்தம் மெல்லச் சுற்றி வந்தது. சுவருக்குள் தண்ணீர் ஓடுகிற சத்தம், தூரத்தில் எங்கோ மோட்டார் போட்ட கிணறுபோலக் கேட்டது. கால் மணி நேரத்தில் அவர் தூங்கிப்போனார். அக்கா பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். குளிர் ஜுரம் வரவில்லை. பி.பி. இறங்கவில்லை. முதல் மணி நேரம் முடிந்ததும்தான் அக்கா முதுகைச் சுவரில் சாய்த்தார்.

மணியம்மாள் கதவுக்கு வெளியே பெஞ்சில், வேலூருக்குக் கட்டுகிற அதே பெரிய பையோடு இருந்தார். போர்வை, மாற்று வேட்டி, இரண்டு வேளைக்குத் தயிர்சோறு, பஸ்ஸில் வாந்தி வந்தால் பிடிக்க ஒரு கவர். கை பழக்கத்தில் எல்லாவற்றையும் எடுத்து வைத்திருந்தார்.

பதினொன்றேகாலுக்கு முடிந்தது. அப்பாசாமி எழுந்து, காலைக் கீழே விட்டு, செருப்பு போட்டுப் பார்த்தார். நுழைந்தது. கவியா எடை பார்த்து எழுதிக்கொண்டு, "நீங்க போலாம் தாத்தா," என்றாள்.

இரண்டு பேரும் வாசலுக்கு வந்து நின்றார்கள். ஒரு ஷேர் ஆட்டோ வேகத்தைக் குறைத்து, அவர்கள் அசையாததைப் பார்த்துப் போய்விட்டது.

"மணி இன்னாம்மா ஆவுது?" என்று மணியம்மாள் அக்காவைக் கேட்டார்.

"பதினொண்ணரை."

"ராத்திரியா ஆவும்னு பக்கத்து வூட்டுல சாவியக் குடுத்துட்டு வந்தேன். இவ்ளோ சீக்கிரம் போயி இன்னா பண்றது?"

பையைப் பிரித்து, வேப்பமர நிழலில் உட்கார்ந்து, பஸ் ஸ்டாண்டில் சாப்பிடுவதுபோலவே மூன்று பேரும் தயிர்சோற்றைச் சாப்பிட்டார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். நார்த்தங்காய் ஊறுகாய் இருந்தது. அப்பாசாமி தன் பங்குத் தண்ணீரில் பாதியைக் குடித்துவிட்டு, மீதியை டம்ளரோடு கையில் வைத்துக்கொண்டு வெயிலைப் பார்த்தார்.

"நெல்லு மண்டிப் பக்கம் போயிட்டு வரலாமாடி?" என்றார். "போயி மூணு வருசம் ஆவுது. சாயங்காலம் வரைக்கும் நாளு இருக்குதே."